திருக்கையோடு எடுத்த படம்

சுறாவை முதன்முதலாகக் கண்ணாடிக்குள் கண்டபோது வேரோனிக்காவுக்குத் தேங்காய்ப்பூப் போட்டுக் கிண்டுகிற சுறா வறைதான் நினைவுக்கு வந்தது. அது பதினொரு வருடத்துக்கு முந்திய கதை. ரொறன்ரோ டவுன்ரவுணில் ஒரு மீன் காட்சிச்சாலையில் துப்புரவு வேலை கிடைத்து, முதல்நாள் வாளியும் துணியுமாக உள்ளே போனவள், தலைக்கு மேலால் ஆளுயரச் சுறா ஒன்று நீந்திப் போவதைக் கண்டு, எத்தனை பேரின் கறிக்குக் காணும் என்று மனதுக்குள் யோசித்தாள். வீட்டுக்கு வந்து கணவன் அகஸ்ரினிடமும் அதைத்தான் சொன்னாள். இரண்டு பேரும் மன்னாரில் பேசாலைப் பக்கத்து ஆட்கள். மீன் என்றால் அவர்களுக்குச் சாப்பாடு.

வேலை இலேசானதில்லை. வீடு இருக்கிற அஜக்ஸிலிருந்து காலை முதல் ரயிலில் ஏறி யூனியன் ஸ்ரேஷனில் இறங்கி, சனம் உள்ளே வருவதற்கு முன் கண்ணாடி முழுவதையும் துடைத்துவிட வேண்டும். முந்திய நாள் வந்த பிள்ளைகளின் கைத்தடம், மூக்கை ஒற்றிய தடம், சில வேளைகளில் நாக்கால் நக்கிய தடம்கூட இருக்கும். குனிந்து நிமிர்ந்து துடைக்கிற அந்த இரண்டு மூன்று மணித்தியாலமும் அவளுக்குத் துணை மீன்கள்தான். பார்க்கவேண்டும் என்று அவள் பார்க்கவில்லை. கண்முன்னால் வந்ததைப் பார்த்தாள். ஒரு வருடம் போவதற்குள் கறிச்சட்டியின் நினைவு விட்டுப்போயிற்று.

திருக்கைகள்தான் அவளை முதலில் பிடித்தன. மற்ற மீன்கள் நீந்தின. திருக்கை மட்டும் பறந்தது. துணியை எடுத்துக் கண்ணாடியில் வைத்ததும் ஒன்று வந்து வெள்ளை வயிற்றைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். அவள் துணியை இடப்பக்கம் கொண்டுபோனால் அதுவும் இடப்பக்கம் வரும். வேலை முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்குப் போவாள்.

தொட்டிக்குள் இறங்கி மீன்களுக்குத் தீன் போடுகிற வேலையாள் ஒருவன் ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இவை பாவம், வட்டம்தான் சுற்றுகின்றன, கரீபியன் கடலில் சில தீவுகளுக்குப் பக்கத்தில் சுவர் இருக்கிறது, அங்கே போய்ப் பார் என்றான். என்ன சுவர் என்று கேட்டாள். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் நீந்திப் போனால் கடலின் தரை அப்படியே முடிந்துவிடும், அதற்குப் பிறகு செங்குத்தாக ஆயிரக்கணக்கான அடி ஆழம், அந்த விளிம்போரமாகத் திருக்கைகள் வரிசையாகப் பறந்து போகும், கீழேயிருந்து சுறாக்கள் மேலே வரும் என்று கையால் காட்டினான். அன்றைக்கு ரயிலில் வீடு போகும்போது அவள் போனில் அதைத் தேடிப் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். பிறகு பார்க்காத நாள் இல்லை.

"சுறா தின்னுற சாமான்," என்றார் அகஸ்ரின். "அதைப் போய்ப் பாக்கிறதே? உமக்கென்ன விசரே?"

அகஸ்ரின் ரக் ஓட்டுபவர். மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் வாரத்தில் நாலு நாள் போய் வருவார். கெட்ட மனிதர் இல்லை. தனக்கு விளங்காத எதையும் விசர் என்றுதான் சொல்வார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேரோனிக்காவுக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் தகப்பனின் வள்ளத்தில் பெண்பிள்ளைகளை ஏற்றியதில்லை. பத்தொன்பது வயதில் கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் ஐந்து பேரோடு இருந்து, கலியாணம் செய்து, ஷரோன் என்று ஒரே மகளைப் பெற்று, பிறகு அஜக்ஸில் வீடு வாங்கிப் போனவள். இந்த முப்பது வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அதிகம் இல்லை. ஆகையால் அந்தச் சுவரைப் பார்க்கப் போகவேண்டும் என்று கேட்டபோது வீட்டில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை; இரண்டு மாதத்தில் ஆசை போய்விடும் என்று நினைத்தார்கள்.

போகவில்லை. அஜக்ஸில் நகரசபை நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் சேர்ந்தாள். பக்கத்து வரிசையில் ஐந்து வயதுப் பிள்ளைகள் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு குளிர்காலம் போனது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய வாரம், நிற்காமல் இருநூறு மீற்றர் நீந்தினாள். அடுத்து சிலிண்டர் கட்டி நீருக்கடியில் போகிற வகுப்பு. அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போக முடியாது. எப்போதும் ஒரு சோடி வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் முதல் விதி.

அகஸ்ரினைக் கேட்பதில் பிரயோசனமில்லை. ஷரோனைக் கேட்டாள்.

ஷரோன் மார்க்கம் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை பார்த்தாள். அப்போது இருபத்தைந்து வயது. சனிக்கிழமைகளில் பத்துக் கிலோமீற்றர் ஓடுவாள். தண்ணீரில் பெரிய விருப்பம் ஒன்றும் இல்லை; தலைமயிர் நனைவது பிடிக்காது.

"அம்மா, சீரியஸ்லி? சுறாவோட?"

"நீ வராட்டி நான் போகேலாது பிள்ளை."

"ஓகே, ஓகே. உங்களுக்காகத்தான் வாறன். வண் ரைம். அதுக்குப் பிறகு என்னைக் கேக்கப்படாது."

வகுப்பில் வேரோனிக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. முகக்கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் பதறிக்கொண்டு மேலே வந்தாள். காதும் இடக்கு. ஆழம் போகப் போகக் காதுக்குள் அழுத்தும்; மூக்கைப் பிடித்து ஊதினால் மற்றவர்களுக்கு உடனே விட்டுவிடும்; அவளுக்கு நாலு தரம் ஊதவேண்டும். ஷரோனுக்கு எல்லாம் முதல் நாளே வந்துவிட்டது. கடைசிச் சோதனை, கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிக்கிடந்த ஒரு பழைய கல்லுக்கிடங்கில், உறைந்து போகிற குளிர்த்தண்ணீரில் நடந்தது. வெளியே வந்த வேரோனிக்காவுக்குப் பல் கிட்டியது. ஷரோன் கரையில் குந்தியிருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கீழ ஒரு சத்தமும் இல்லை," என்றாள். "மெஸேஜ் இல்லை, ஒண்டுமில்லை. நான் நாள் முழுக்க ஆக்களின்ர வாய்க்குள்ளதானே பாக்கிறனான். அங்க… ஐ டோன்ற் நோ. நல்லா இருந்துது."

அந்தக் கோடைகாலம் முழுவதும் ஷரோன் ஒவ்வொரு சனி ஞாயிறும் கல்லுக்கிடங்குக்குப் போனாள். ஓடுவதை விட்டாள். மேல்வகுப்பும் படித்து, நூறு அடிவரை போகலாம் என்ற அட்டை வாங்கினாள். தாய்க்கு அறுபது அடிதான் எல்லை. மகளுக்கு இது பிடித்துப்போனதில் வேரோனிக்காவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. இனிச் சோடிக்கு ஆள் தேடத் தேவையில்லை என்று நினைத்தாள்.

அடுத்த வருடம் பெப்ரவரியில் இரண்டு பேரும் போனார்கள். கரீபியனில், கேமன் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. கடை என்று ஒன்று, தேவாலயம் என்று ஒன்று, வீதியைக் கடக்கிற உடும்புகள். விடுதியிலேயே படகும் சிலிண்டரும் இருந்தன. வழிகாட்டியின் பெயர் மாக்கஸ். நாற்பது வயதிருக்கும், அந்தத் தீவிலேயே பிறந்தவன், அதிகம் கதைக்காதவன். முதல்நாளே சொல்லிவிட்டான்: இங்கே கால் ஊன்றத் தரையில்லை, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரியாது, கையில் கட்டியிருக்கிற, ஆழம் காட்டுகிற மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள், சோடியை விட்டுப் பிரியாதீர்கள். அம்மா எங்கே நிற்கிறாவோ அங்கேதான் நீயும் என்று ஷரோனிடம் தனியாகவும் சொன்னான்.

முதல் இரண்டு நாளும் சுறாவும் இல்லை, திருக்கையும் இல்லை. சுவர் இருந்தது. இருபத்தைந்து அடி ஆழத்தில் பவளப்பாறை முடிந்து, அதற்கு அப்பால் வெறும் நீலம். விளிம்பைத் தாண்டி முதன்முதல் மிதந்தபோது வேரோனிக்கா ஷரோனின் பக்கம் கையை நீட்டினாள். பதினாறாம் மாடிப் பல்கனியிலிருந்து காலை வெளியே வைத்ததுபோல இருந்தது. ஆனால் விழவில்லை. ஷரோன் கையைப் பிடித்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு தரம் இறங்கினார்கள். பின்னேரம் காற்று அடங்கியதால் மூன்றாம் தரமும் போகலாம் என்றான் மாக்கஸ். படகில் அவர்களோடு இன்னும் இரண்டு சோடி. வேரோனிக்காவுக்கு உடம்பு அலுத்திருந்தது. போகாமல் விடுவோமா என்று கேட்க வாயெடுத்தாள். ஷரோன் அதற்குள் காலில் நீச்சல் ஃபின்னை மாட்டி, கமராவையும் கழுத்தில் கொழுவிக்கொண்டு நின்றாள்.

ஐம்பத்தெட்டு அடியில் சுவரோரமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது அது வந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட திருக்கை, செட்டை விரித்தால் அவளுடைய உயரத்தை விட அகலம். நீலத்திலிருந்து ஒரு சொட்டுச் சத்தமில்லாமல் வந்து, அவளுக்கு முன்னால் பத்தடி தூரத்தில் திரும்பி, சுவரோரமாக ஒரு வளையம் போட்டுவிட்டு மறுபடி வந்தது. அதற்குப் பின்னால் சாம்பல் நிறச் சுறா ஒன்று, அவசரமேயில்லாமல். வேரோனிக்கா இரண்டு கையையும் விரித்தபடி மிதந்தாள். கண்ணாடி இல்லை. துடைக்க ஒன்றுமில்லை. திருக்கையின் கண் அவளைப் பார்த்தது. அல்லது அப்படித்தான் அவளுக்குப் பட்டது. மூச்சு நீளமாக வந்தது. காதுவலி இல்லை, அலுப்பு இல்லை, வயது இல்லை. கலியாணத்தன்றோ, பிள்ளை பிறந்தன்றோ அவள் இப்படி இருந்ததில்லை என்று பிறகு யோசித்து வெட்கப்பட்டாள்.

திருக்கை மூன்றாம் தரமும் வந்துவிட்டு நீலத்துக்குள் போய் மறைந்தது. அப்போதுதான் அவள் ஷரோனைத் தேடித் திரும்பினாள்.

பக்கத்தில் இல்லை. முன்னால் மாக்கஸும் மற்றவர்களும் ஒரு பாறை முனையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அங்கேயும் இல்லை. மேலே பார்த்தாள். படகின் அடி தெரிந்தது, வேறொன்றுமில்லை. அப்போது அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தால் காற்றுக்குமிழிகள் மேலே போயின. அவளுடைய குமிழிகள் அல்ல. கீழேயிருந்து வந்தவை.

குனிந்து பார்த்தாள். குமிழிகளின் வரிசை கீழே கீழே போய், அடியில், சுவரை விட்டு வெகுதூரம் தள்ளி, மஞ்சள் ஃபின் இரண்டு தெரிந்தன. விரலளவு. ஷரோன் மல்லாந்த மாதிரி, கமராவைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தபடி, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள்.

வேரோனிக்கா கத்தினாள். வாயில் இருந்த, காற்றுத் தருகிற ரெகுலேற்றருக்குள்ளால் குமிழிதான் வந்தது. தலைகீழாகத் திரும்பிக் காலை அடித்தாள். அறுபத்தைந்து அடியில் வலது காதுக்குள் ஆணி இறக்கியதுபோல வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள். விடவில்லை. மறுபடி ஊதினாள். எழுபது அடி. வலியில் கண் இருட்டியது. இன்னும் ஒரு முழம்கூட இறங்க உடம்பு விடவில்லை. அவளுடைய பிள்ளை கண்ணுக்கு முன்னால் கீழே போகிறது. கூப்பிடக் குரல் இல்லை. போகக் காது விடவில்லை.

இடுப்பில் கொழுவியிருந்த இரும்புக் கொளுக்கியைக் கழற்றிச் சிலிண்டரில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீருக்குள் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது. மாக்கஸ் முதலில் மேலே பார்த்தான். பிறகு இடப்பக்கம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்தான். அவள் கீழே காட்டினாள். அவன் தலைகுப்புற இறங்கினான்.

ஆழத்தில் சிலருக்குத் தலை கிறுகிறுத்து, குடித்த மாதிரி ஆகிவிடும். ஷரோனுக்கும் அதுதான் நடந்தது. மணிக்கூடு அலறியபோது நூற்று நாற்பது அடி. அவளுக்கு அது சிரிப்பாக இருந்ததாம். பிறகு ஒரேயடியாகப் பயம் பிடித்து, காற்றுச்சட்டையின் பொத்தானை அமத்திப் பிடித்துவிட்டாள். சட்டை ஊதி அவளைத் தூக்கியது. மாக்கஸ் பாதிவழியில் அவளுடைய காலைப் பிடித்தான். பிடித்தும் வேகத்தை முழுதாகக் குறைக்க முடியவில்லை. இரண்டு பேரும் வேரோனிக்காவுக்குப் பக்கத்தால் மேலே போனார்கள். கை நீட்டினால் தொடலாம், நீட்டுவதற்குள் போய்விட்டார்கள்.

மேலே போக அவளுக்கும் அவசரம்தான். மற்றச் சோடியில் ஒருத்தி அவளுடைய பட்டியைப் பிடித்து நிறுத்தினாள். பதினைந்து அடியில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டும் என்பதால் எல்லோருக்கும் உள்ள விதி அது. வேரோனிக்கா அந்த மூன்று நிமிடமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகின் ஏணியில் மகளின் கால்கள் ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்தாள். மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

படகில் ஷரோன் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஐ ஆம் ஃபைன். சும்மா பயப்பிடாதேங்கோ. உங்கட படம்தான் எடுத்துக்கொண்டு பின்னால போனனான். திருக்கையின்ர செட்டை முழுசா வரேல்லை, அதுதான் கொஞ்சம் பின்னால, இன்னும் கொஞ்சம் பின்னால… கீழ போறது தெரியேல்லை."

மாக்கஸ் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒட்சிசன் முகமூடியைப் போட்டு, படகை விரட்டினான்.

விடுதிக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஷரோன் கட்டிலில் இருந்தபடி, "அம்மா, கால் விறைக்குது," என்றாள். பிறகு எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே தன்னுடையது மாதிரி இல்லை என்றாள்.

பெரிய தீவில்தான் அதற்கு வைத்தியம். சின்ன விமானம் ஒன்று, கடலுக்கு மேலே மிகத் தாழ்வாகப் பறந்து கொண்டுபோனது. உயரப் பறந்தால் இன்னும் மோசமாகும் என்றார்கள். ஷரோனை இரும்பு உருளை மாதிரி ஒரு அறைக்குள் கிடத்தி, கதவை இறுக்கி, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றினார்கள். இரத்தத்தில் உள்ள குமிழிகள் கரைவதற்கு ஐந்து மணித்தியாலம். தாய் உள்ளே போக முடியாது. வெளியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டார்கள். வேரோனிக்காவின் உடம்பில் கடலுப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வலது காதால் எதுவும் கேட்கவில்லை.

அகஸ்ரினுக்குப் போன் எடுத்தாள். அவர் ரக்கில் இருந்தார்.

"என்ன சொல்லுறீர்? கால் ஏலாதோ?"

"டொக்ரர் சரிவரும் எண்டுதான் சொல்லுறார்."

"நான் மொன்றியல் றோட்டில, கிங்ஸ்ரனிலயப்பா நிக்கிறன். பின்னால முழு லோட். நான் என்ன செய்யிறது? சொல்லும், நான் என்ன செய்ய?"

அவர் ரக்கை ஓரங்கட்டினார் என்பது சத்தத்தில் தெரிந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் மற்ற வாகனங்கள் அவரைக் கடந்து போகிற இரைச்சல் மட்டும் அவளுடைய இடது காதில் கேட்டது. பிறகு, "செபம் சொல்லும்," என்றார்.

ஆறு நாள், ஆறு தரம் அந்த உருளைக்குள் போட்டார்கள். மூன்றாம் நாள் ஷரோன் நின்றாள். ஐந்தாம் நாள் நடந்தாள். வலது பாதத்தில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. வரலாம், வராமலும் விடலாம் என்றார் டொக்ரர். இனிக் கடலுக்கடியில் போகாமல் இருப்பதுதான் நல்லது என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி ஷரோன் கமராவைத் தாயிடம் நீட்டினாள். "பாருங்கோ அம்மா. எவ்வளவு வடிவு."

முப்பத்தொரு படம். முதலாவதில் வேரோனிக்கா படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதில் திருக்கையின் செட்டை முழுதாக விழுந்திருந்தது. இரண்டு கையையும் விரித்து அவளும், செட்டையை விரித்து அதுவும். ஆறாவதில் சுறாவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் அவள் சிறிதாகிக்கொண்டு போனாள். கீழேயிருந்து, இன்னும் கீழேயிருந்து. கடைசிப் படத்தில் அவள் ஒரு கறுப்புப் புள்ளி. படங்களின் மூலையில் நேரம் இருந்தது. ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் திருக்கையைப் பார்த்திருப்பேன் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் ஐந்து நிமிடம். முகம் தெரிகிற படங்களில் ஒன்றில்கூட அவள் கமராவின் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

ஷரோன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "மூண்டாவது படம் அமேஸிங், என்ன?" என்றாள்.

"ஓம் பிள்ளை," என்றாள் வேரோனிக்கா.

வீட்டுக்கு வந்தார்கள். ஷரோன் வேலைக்குப் போனாள். பல் சுத்தம் செய்கிற கருவியின் மிதிகட்டையை வலதுகாலால் மிதித்துத்தான் அதை இயக்கவேண்டும். மிதிக்கிறாளா இல்லையா என்று காலுக்குத் தெரியாததால், ஒவ்வொரு தரமும் குனிந்து பார்த்தாள். பிறகு மிதிகட்டையை இடதுபக்கம் மாற்றி வைத்துப் பழகினாள். படியிறங்கும்போது கைபிடியைப் பிடித்தாள். இவற்றையெல்லாம் அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதைத்தான் தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மே மாதம் அன்னையர் தினத்துக்கு ஷரோன் ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தாள். மூன்றாவது படம், நாலடி அகலத்தில், சட்டம் போட்டு. அகஸ்ரின் தானே மட்டம் பிடித்து, ஆணியடித்து, ஹோலில் மாதாவின் படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். வீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். "வேரோனி அன்ரி, உது நீங்களோ? நம்பேலாமல் கிடக்கு!" என்றார்கள். அகஸ்ரின் ஒவ்வொருவருக்கும் கதையைச் சொன்னார். அவர் சொல்கிற கதையில் திருக்கையின் அகலம் வரவரக் கூடிக்கொண்டு போனது. படத்தைக் கழற்றச் சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரேயொரு காரணத்தைச் சொல்ல முடியாது.

ஸ்காபரோவில் தமிழ்ப் பூசைக்குப் போகிற கோயிலில் ஒரு சனிக்கிழமை குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் முழந்தாளிட்டாள்.

"சுவாமி, நான் பிள்ளையைப் பாக்காமல் மீனைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுவாமி கேட்டார்: "பிள்ளைக்கு எத்தினை வயது அம்மா?"

"இருபத்தாறு."

"மீனைப் பாக்கிறது பாவமில்லை," என்றார் சுவாமி அன்பாக. மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். அவள் முப்பது சொன்னாள். வெளியே வந்து காருக்குள் இருந்தபோது, உள்ளே போகும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

ஷரோன் மறுபடி கடலுக்குப் போகப்போகிறாள் என்பது இலையுதிர்காலத்தில் தெரியவந்தது. முதல் டொக்ரர் கூடாது என்றார். இரண்டாவது டொக்ரர் ஒரு வருடம் போகட்டும் என்றார். வருடம் முடியும்வரை பொறுக்காமல் மூன்றாவதாக ஒருவரைத் தேடிப் பிடித்தாள். அவர் பரிசோதித்துப் பார்த்து, அறுபது அடிக்குக் கீழே போகக்கூடாது, ஒரு நாளைக்கு ஒரு தரத்துக்கு மேல் இறங்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீ போகக்கூடாது," என்றாள் வேரோனிக்கா. சமையலறையில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள். "போகவே கூடாது. நான் சொல்லுறன்."

"எனக்கு இருபத்தேழு வயசு அம்மா."

"வயசு எனக்குத் தெரியும்."

"நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள். எனக்கு உதைக் காட்டினதே நீங்கள்தான்." ஷரோன் கோபமாகச் சொல்லவில்லை. வந்து தாயின் தோளில் மோவாயை வைத்தாள். "அம்மா, கால் போனது போனதுதான். வீட்டில இருந்தால் திரும்பி வரப்போகுதே? கீழ போனால்தான் எனக்குக் கால் நோர்மலா இருக்கிற மாதிரி இருக்கு. தண்ணிக்குள்ள எல்லாற்ற காலும் ஒண்டுதான்."

வேரோனிக்கா அகஸ்ரினிடம் சொன்னாள். அவர் தானும் பேசிப் பார்ப்பதாகச் சொல்லி, மகளின் அறைக்குப் போய், அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்து, "அவள் கேக்கமாட்டாள்," என்றுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை வேரோனிக்காதான் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனாள். வீதியெல்லாம் உப்பும் பனிச்சேறும். பின்சீற்றில் பெரிய பை. பிக்கரிங் தாண்டும்போது ஷரோன், "அம்மா, நீங்களும் வந்திருக்கலாம்," என்றாள். "உங்கட காது இப்ப சரிதானே. அடுத்த முறை வாங்கோவன். வேற ஆரோடயும் சோடி சேந்து போறது எனக்கு அவ்வளவு பிடிக்கேல்லை."

வேரோனிக்கா பாதையைப் பார்த்தபடி ஓட்டினாள். ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நான் வந்தால் உன்னைப் பாக்கமாட்டன் பிள்ளை. நான் மீனைத்தான் பாப்பன்."

ஷரோன் கடகடவென்று சிரித்தாள். "அதுக்குத்தானே அம்மா போறது!"

ஏழாம் இலக்க வாசலில் இறக்கிவிட்டாள். பையைத் தள்ளிக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைத்து நடந்து, ஷரோன் கண்ணாடிக் கதவுக்குள் போனாள். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.

அந்தக் கிழமை அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். ஒவ்வொரு நாளும் பகல் பன்னிரண்டு மணிபோல மகளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும்: மேலே வந்துவிட்டேன். புதன்கிழமை பின்னேரம் நாலரை மணிவரை வரவில்லை. ரயிலில் நின்றபடி, கைபிடியைப் பிடித்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்துச் சீற்றில் இருந்த பெண் எழும்பி இடம் கொடுத்ததுகூடத் தெரியவில்லை. ரூஜ்ஹில் ஸ்ரேஷன் தாண்டியபிறகு செய்தி வந்தது. போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை ஷரோன் வெயிலில் கறுத்து, மெலிந்து, சந்தோசமாக வந்து சேர்ந்தாள். இறைச்சிக் கறியும் புட்டும் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள். ஏழு சுறா, எண்ணமுடியாத திருக்கைகள், ஒரு பெரிய ஆமை. அகஸ்ரின் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு ஆழம் போனனி?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

"அறுபது அம்மா. டொக்ரர் சொன்ன மாதிரி. ப்ரொமிஸ்."

சாப்பிட்டதும் ஷரோன் சோபாவிலேயே நித்திரையாகிவிட்டாள். கடலுக்குக் கொண்டுபோன சாமான்களை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் உப்பு அரித்துவிடும். வேரோனிக்கா பையை மேலே குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், தொட்டியில் தண்ணீரை நிரப்பினாள். உடுப்பு, ஃபின், முகக்கண்ணாடி, ரெகுலேற்றர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நனைத்தாள். பையின் அடியில் ஆழம் காட்டுகிற மணிக்கூடு கிடந்தது. அதே மாதிரி ஒன்று அவளிடமும் இருந்ததால், எந்தப் பொத்தானை அமத்தினால் போன தரம் எவ்வளவு ஆழம் என்று வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

அமத்தினாள். தொண்ணூற்று நாலு அடி. அதற்கு முதல்நாள் எண்பத்தெட்டு. அதற்கும் முதல்நாள் தொண்ணூற்றொன்று.

கீழே அகஸ்ரின் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மகளுக்குப் போர்வை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அலுமாரியில், மேல்தட்டில் என்று சொன்னாள். மணிக்கூட்டையும் மற்றச் சாமான்களோடு தண்ணீருக்குள் வைத்து, உப்புப் போகும்வரை கையால் அலசிக்கொண்டிருந்தாள்.